தண்டுப் பகுதியின் கால்பந்து வெற்றிகள்

பெங்களூரின் அல்சூர் ஏரிக்குத் தெற்கே, பழைய மெட்ராஸ் ரோட்டுக்கும் கேம்பிரிட்ஜ் ரோட்டுக்கும் அருகில் இருக்கும் பழைய குடியிருப்பு ஜோகுபாளையம். ஒரு பக்கம் சோமேசுவரர் கோயில் உள்ள அல்சூர், இன்னொரு பக்கம் மர்ஃபி டவுன், கூப்பிடு தூரத்தில் கௌதமபுரம், கிழக்கே பிற்காலத்தில் எழுந்த இந்திராநகர். இந்த வட்டாரத்துத் தெருக்களில் தலைமுறைகளாகத் தமிழே புழங்கிவருகிறது. 1930களிலிருந்து 1970கள் வரை இந்தியக் கால்பந்தின் பெரிய கோப்பைகளைப் பெங்களூருக்குக் கொண்டுவந்த அணிகளின் வரலாறு இந்தத் தெருக்களோடும், இவற்றை ஒட்டிய சிவாஜிநகர், ஆஸ்டின் டவுன் பகுதிகளோடும் பின்னிக் கிடக்கிறது. மற்ற ஊர்களில் கல்லூரி அணிகளும் பணக்காரக் கிளப்புகளும் ஆட்டக்காரர்களை வளர்த்தன. இங்கே அந்த வேலையைச் செய்தவை பட்டாள மைதானங்களும் தொழிலாளர் குடியிருப்புகளும்தான்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த பிரிட்டிஷ் படை அந்த ஊரின் காய்ச்சலுக்குத் தாக்குப்பிடிக்க முடியாமல் 1809இல் பெங்களூருக்கு இடம் மாறியது. அல்சூர்க் கிராமத்தை ஒட்டிய மேட்டு நிலம் படைமுகாமுக்குத் தேர்வானது. கெம்பே கவுடா கட்டிய பழைய ஊர் பேட்டை என்றும், புதிதாக எழுந்த படை ஊர் தண்டு என்றும் மக்கள் வாயில் வழங்கின. படையோடு சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்களும், சமையல்காரர்களும், குதிரைக்காரர்களும், கட்டடக் கான்டிராக்டர்களும், வியாபாரிகளும் வந்தார்கள். ஆற்காடு, வேலூர், சேலம் பக்கத்திலிருந்து வந்து தங்கிய குடும்பங்கள் ஏராளம். சென்னை சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவும் 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே இங்கே நிலைகொண்டுவிட்டது. 1780இல் தொடங்கிய அந்தப் படையின் தலைமையகம் இன்றும் அல்சூர் ஏரிக்கரையில்தான் இருக்கிறது. அதன் வீரர்களை ராணுவம் முழுக்கத் ‘தம்பி’ என்றே அழைக்கிறார்கள்.

மைசூர் ராஜ்ஜியம் 1881இல் உடையார்களிடம் திரும்பக் கொடுக்கப்பட்டபோதும் கண்டோன்மென்ட் மட்டும் பிரிட்டிஷ் ரெசிடென்ட்டின் கையிலேயே நின்றது. சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன் என்று அதற்குப் பெயர். ஒரே நகரத்தில் இரண்டு ஆட்சி, இரண்டு போலீஸ், இரண்டு நகராட்சி. இந்தப் பிரிவினை 1947 ஜூலை வரை நீடித்தது. கால்பந்து பெங்களூரில் வேர்விட்டது இந்தப் பிரிவின் கிழக்குப் பாதியில்.

கால்பந்தைக் கொண்டுவந்தவர்கள் பிரிட்டிஷ் ரெஜிமென்ட் சிப்பாய்கள். ஒரு ரெஜிமென்ட் ஊருக்கு வந்தால் அதோடு பேண்டும் வரும், ஃபுட்பால் டீமும் வரும். அணிவகுப்பு மைதானங்களில் மாலை நேரம் நடக்கும் ஆட்டங்களைக் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்த பையன்கள் கிழிந்த பந்தையோ துணி உருண்டையையோ வைத்துத் தெருவில் அதையே ஆடிப் பார்த்தார்கள். பூட்ஸ் வாங்க வசதியில்லை என்பதோடு, பூட்ஸ் இல்லாமலேயே அவர்கள் கால் பழகிவிட்டது. கணுக்காலைச் சுற்றித் துணிப்பட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். பந்தை உள்ளங்காலால் அடக்கி, புறங்காலால் உதைத்து, எதிராளியின் பூட்ஸ் தன் விரல்களை மிதிப்பதற்குள் அடுத்தவனுக்குத் தள்ளிவிட வேண்டும். உடம்போடு உடம்பு மோதி வெல்ல வழியில்லாத ஆட்டக்காரனுக்கு வேகமும் குறுகிய பாஸும்தான் கவசம். வெறுங்காலோடு ஆடிய கல்கத்தாவின் மோகன் பகான் 1911இல் ஐஎஃப்ஏ ஷீல்டை வென்றபோது இந்தியா முழுக்க இந்த ஆட்டமுறைக்கு ஒரு கௌரவம் வந்தது. பெங்களூரில் அதற்கு இன்னொரு சாதகமும் இருந்தது. இங்கத்திய செம்மண் தரை ஆண்டில் பெரும்பகுதி காய்ந்து இறுகிக் கிடக்கும். வங்கத்துச் சேற்றில் பூட்ஸ் இல்லாதவன் வழுக்கி விழுவான், இங்கே அவன் ஓடுவான்.

1898இல் பரவிய பிளேக்குக்குப் பிறகு நெரிசலான தெருக்களைக் கலைத்துப் புதிய குடியிருப்புகள் போடப்பட்டன. வசதியுள்ளவர்களுக்கு ஃபிரேசர் டவுனும் ரிச்சர்ட்ஸ் டவுனும் கிடைத்தன. ஏழைத் தொழிலாளர்களுக்கென்று பின்னர் எழுந்தவை மர்ஃபி டவுனும் ஆஸ்டின் டவுனும். இரண்டுமே பொறியாளர்களின் பெயரைத் தாங்கியவை. சிறிய வீடுகள், நேரான தெருக்கள், தெருக்களுக்கு நடுவே கொஞ்சம் காலி மனை என்பது அவற்றின் அமைப்பு. காலி மனை என்றால் அங்கே இரண்டு கல்லை நட்டு கோல் போஸ்ட் என்பார்கள். தமிழ், தக்னி உருது, தெலுங்கு, கன்னடம், ஆங்கிலோ இந்தியர்களின் ஆங்கிலம் எல்லாம் ஒரே மைதானத்தில் கேட்கும்.

பள்ளிகளுக்கும் இதில் பங்குண்டு. அட்டாரா கச்சேரி என்ற இன்றைய உயர் நீதிமன்றக் கட்டடத்தைக் கான்டிராக்ட் எடுத்துக் கட்டிய ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஆர்பிஏஎன்எம் என்ற சுருக்கப் பெயரில் வழங்கும் அந்த நிறுவனமும், அதன் விளையாட்டு மைதானமும் அல்சூர்ப் பக்கத்துப் பையன்களுக்கு நன்றாகத் தெரிந்தவை. செயின்ட் ஜோசஃப் போன்ற மிஷன் பள்ளிகளும் கல்லூரிகளும் கால்பந்தை ஊக்குவித்தன. ஆனாலும் இந்தப் பகுதியின் பிள்ளைகளில் கல்லூரி வாசலைத் தொட்டவர்கள் குறைவு. படிப்பு முடியும் முன்பே பட்டாளத்திலோ பட்டறையிலோ வேலைக்குப் போய்விடுவார்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கால்பந்துப் போட்டிகள் 1940களில் வடிவம் பெற்றபோது தண்டுப் பகுதி ஆட்டக்காரர்கள் அதற்கும் முன்பே வேறொரு மேடையில் பெயர் வாங்கியிருந்தார்கள்.

அந்த மேடை பம்பாயின் ரோவர்ஸ் கோப்பை. 1891இல் முதல் கோப்பையை வொர்ஸ்டர்ஷயர் ரெஜிமென்ட் வென்றது. அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வென்றவர்கள் எல்லாரும் பட்டாள அணிகளே. கல்கத்தாவின் ஐஎஃப்ஏ ஷீல்ட், சிம்லாவின் டூரண்ட் கோப்பை, பம்பாயின் ரோவர்ஸ் ஆகிய மூன்றும்தான் அன்றைய பெரும் போட்டிகள். இதில் ஷீல்ட் 1911இலேயே இந்தியர் கைக்கு வந்தது. ரோவர்ஸில் 1923ஆம் ஆண்டு மோகன் பகான் இறுதி ஆட்டம் வரை வந்து டர்ஹம் லைட் இன்ஃபன்ட்ரியிடம் 1–4 என்று தோற்றது. வங்கத்தின் மிகப் பெரிய கிளப்புக்கே எட்டாமல் போன கோப்பை அது.

அதை எட்டியது பெங்களூர் முஸ்லிம்ஸ் கிளப். கண்டோன்மென்ட்டில் உருவான இந்த அணி 1937ஆம் ஆண்டு பம்பாய்க்குப் போனது. பெங்களூரிலிருந்து பம்பாய்க்கு அன்று சுலபமான பயணம் இல்லை. ஹூப்ளி வழியாகப் போகும் மீட்டர் கேஜ் ரயிலில் ஏறினால் பூனாவில் இறங்கி அகலப் பாதை ரயிலுக்கு மாற வேண்டும். அரசாங்கமோ ராணுவமோ செலவை ஏற்காத ஒரு சிவிலியன் கிளப் இப்படி ஒரு பயணம் கிளம்புவதே துணிச்சல்தான். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங். அது சாதாரண எதிரணி இல்லை. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கல்கத்தா லீகை வென்ற அணி. 1936இல் லீகையும் ஐஎஃப்ஏ ஷீல்டையும் சேர்த்தே தூக்கியது. மழை பெய்தால் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஆடப் பழகியிருந்தது, இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து ஆட்டக்காரர்களைத் திரட்டியிருந்தது, பின்னால் பெரும் ரசிகர் கூட்டம் இருந்தது. அந்த முகமதனை பெங்களூர் முஸ்லிம்ஸ் 1–0 என்று வென்றது. ரோவர்ஸ் கோப்பையை வென்ற முதல் இந்திய சிவிலியன் அணி என்ற இடம் அன்று அதற்குக் கிடைத்தது.

ஒரு முறை வென்றதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கலாம். அடுத்த ஆண்டே அதே அணி மீண்டும் இறுதிக்கு வந்தது. இந்த முறை எதிரே ஸ்காட்லாந்துப் படைப்பிரிவான ஆர்கைல் அண்ட் சதர்லேண்ட் ஹைலேண்டர்ஸ். ஆட்டம் 3–2 என்று முடிந்தது, கோப்பை பெங்களூரிலேயே தங்கியது. 1937இல் தோற்றது இந்திய அணி, 1938இல் தோற்றது பிரிட்டிஷ் பட்டாள அணி. இரண்டு வகை எதிரிகளையும் அடுத்தடுத்து வென்றதுதான் இந்தக் கிளப்பின் உண்மையான பெருமை. 1911இன் மோகன் பகான் வெற்றியைப் பற்றி எழுதப்பட்ட அளவில் நூறில் ஒரு பங்கு கூட இதைப் பற்றி எழுதப்படவில்லை. கல்கத்தாவில் பத்திரிகைகளும் நாவலாசிரியர்களும் கால்பந்தின் பக்கம் நின்றார்கள். பெங்களூரில் அது தெருவோர டீக்கடைப் பேச்சாகவே நின்றுவிட்டது.

1940இல் பழைய கணக்கு தீர்க்கப்பட்டது. ரோவர்ஸ் இறுதியில் மீண்டும் அதே இரண்டு அணிகள் மோதின, முகமதன் ஸ்போர்ட்டிங் 1–0 என்று வென்றது. அதே ஆண்டில் டூரண்ட் கோப்பையையும் அது வென்று அதன் முதல் இந்திய சிவிலியன் வெற்றியாளரானது. ஆக, டூரண்டில் அந்தப் பெருமையைப் பெற்ற அணி ரோவர்ஸில் அதைப் பெங்களூரிடம் ஏற்கெனவே இழந்திருந்தது. போர்க்காலத்தில் ரோவர்ஸ் பெரும்பாலும் மறுபடி பட்டாள அணிகளின் கைக்குப் போயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகு 1948இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் மூன்றாம் முறையாகக் கோப்பையை வென்றது. அந்த இறுதி ஆட்டத்தில் 1–0 என்று தோற்றது மோகன் பகான். பதினோரு ஆண்டு இடைவெளியில் ஒரு தலைமுறை மாறியிருக்கும், ஆனால் கல்கத்தாவின் இரண்டு பெரும் கிளப்புகளும் பம்பாயில் இந்த ஒரே அணியிடம் இறுதி ஆட்டத்தில் தோற்றிருந்தன.

கிளப் போட்டிகள் ஒரு பக்கம் இருக்க, மாகாணங்களுக்கு இடையிலான தேசியப் போட்டி 1941இல் தொடங்கியது. வங்கக் கால்பந்துச் சங்கத்தின் தலைவராக இருந்து 1939இல் காலமான சந்தோஷ் சமஸ்தானத்து மன்மத நாத் ராய் சௌத்ரியின் நினைவாக வழங்கப்பட்டதால் சந்தோஷ் கோப்பை என்று அதற்குப் பெயர். முதல் கோப்பையை வங்கமும், போரால் தடைப்பட்டு மீண்டும் தொடங்கிய 1944–45 போட்டியை டெல்லியும், அடுத்ததை மறுபடி வங்கமும் வென்றன. நான்காவது போட்டி 1946–47இல் பெங்களூரில் நடந்தது.

அந்தப் பருவம் நாட்டுக்கே நிலைகொள்ளாத காலம். 1946 ஆகஸ்டில் கல்கத்தாவில் வெடித்த கலவரம் அந்த நகரத்தின் அன்றாடத்தையே குலைத்தது, விளையாட்டும் அதில் அடங்கும். அப்படியும் வங்கம் இறுதி ஆட்டம் வரை வந்தது. எதிரணி உள்ளூர் மைசூர். மைசூர் என்ற பெயரில் களமிறங்கினாலும் அந்த அணிக்கு ஆட்டக்காரர்களை வளர்த்துக் கொடுத்த கண்டோன்மென்ட் சட்டப்படி மைசூர் மகாராஜாவின் ஆட்சிக்குள் இன்னும் வரவில்லை. தண்டும் பேட்டையும் ஆட்சி அளவில் இணையும் முன்பே கால்பந்தில் இணைந்துவிட்டன என்று இதைப் பார்க்கலாம். இறுதி ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. பெனால்டி ஷூட்அவுட் என்ற ஏற்பாடு வழக்கத்துக்கு வராத காலம் என்பதால் மறு ஆட்டம் வைத்தார்கள். மறு ஆட்டத்தில் மைசூர் 2–1 என்று வென்று, வங்கம், டெல்லிக்குப் பிறகு சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றிய மூன்றாவது அணியானது. 

இந்த வெற்றியின் எதிரொலி லண்டனில் கேட்டது. சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து அணி 1948இல் இங்கிலாந்துக்குக் கிளம்பியபோது சாரங்கபாணி ராமன், அஹமத் கான், கே.பி. தன்ராஜ், கோல்கீப்பர் வரதராஜ் என்று பெங்களூர் ஆட்டக்காரர்கள் அதில் வரிசையாக இடம்பெற்றார்கள். ஜூலை 31 அன்று லண்டனை ஒட்டிய இல்ஃபோர்டில் கிரிக்கிள்ஃபீல்ட் மைதானத்தில் பிரான்ஸோடு ஆட்டம். இந்திய அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கினார்கள். பிரான்ஸ் முப்பதாவது நிமிடத்தில் கோல் போட்டது. இந்தியாவுக்குக் கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. சைலன் மன்னாவும் மகாவீர் பிரசாத்தும் ஆளுக்கொன்று தவறவிட்டார்கள். எழுபதாவது நிமிடத்தில் ராமன் பந்தை வலைக்குள் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அது. இந்தியாவில் அன்று ஆட்டங்கள் 90 நிமிடத்துக்குக் குறைவாகவே நடக்கும், முழு நேரம் ஓடிப் பழக்கமில்லாத கால்கள் கடைசிக் கட்டத்தில் தளர்ந்தன. 89ஆவது நிமிடத்தில் பிரான்ஸ் இரண்டாவது கோலைப் போட்டு 2–1 என்று வென்றது. தோல்விதான், என்றாலும் அந்த ஆட்டம் அணிக்குப் பெரிய மரியாதையைத் தேடித் தந்தது. அஹமத் கானின் கால் வேலையைப் பார்த்தவர்கள் அவருக்குப் பாம்பாட்டி என்று பட்டம் கொடுத்தார்கள்.

பெங்களூர்க் கால்பந்தின் பெரிய முரண்பாடு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இங்கே ஆட்டம் இருந்தது, பணம் இல்லை. கல்கத்தாவில் லீக் இருந்தது, டிக்கெட் வாங்கி வரும் பல்லாயிரம் ரசிகர்கள் இருந்தார்கள், வேலை போட்டுக் கொடுக்கக் கம்பெனிகளும் இருந்தன. அஹமத் கான் 1949இல் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். தன்ராஜும் அங்கே ஆடினார். வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அஹமத் கான், சாலே ஆகிய ஐந்து பேர் கொண்ட ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையை வங்கத்து ரசிகர்கள் பஞ்ச பாண்டவர் என்று அழைத்தார்கள். ஐவரில் ஒருவர் கூட வங்காளி இல்லை என்பது வேடிக்கை. 1949இல் லீகையும் ஷீல்டையும் ரோவர்ஸையும் அந்த அணி ஒரே பருவத்தில் வென்றது. வங்கத்துக் கால்பந்தின் பொற்காலம் என்று எழுதப்படும் அத்தியாயங்களில் ஒன்று பெங்களூர் மண்ணில் கால் பழகியவர்களின் உழைப்பையும் கொண்டு எழுதப்பட்டது.

பம்பாய்க்குப் போனவர்களும் உண்டு. 1920இல் பிறந்த துளுக்கானம் சண்முகம் 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் அஹமத் கானோடு ஆடினார். ஈரானை 1–0 என்று வென்ற இறுதி ஆட்டம் அது. ஆடுவதை நிறுத்திய பிறகு சண்முகம் பம்பாய் அணிகளின் பயிற்சியாளராகப் பெரிய பேர் வாங்கினார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கும் இருவரும் போனார்கள். அங்கே யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 1–10 என்று நொறுங்கியது. அந்த ஒரு கோலைப் போட்டவர் அஹமத் கான். குளிர்ந்த ஈரத் தரையில் வெறுங்கால் எடுபடாது என்பது அன்றோடு முடிவாயிற்று, இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. தண்டுப் பகுதியின் பழைய ஆட்டமுறைக்கு அது முற்றுப்புள்ளி. வெறுங்காலுக்கென்று உருவான சின்ன பாஸ், திடீர்த் திருப்பம், பந்தை இழுத்துப் பின்வாங்குதல் ஆகியவை பூட்ஸ் மாட்டிய பிறகும் பெங்களூர் ஆட்டக்காரர்களிடம் தங்கிவிட்டன. கல்கத்தா கிளப்புகள் விங்கில் ஆட ஆள் தேடிப் பெங்களூருக்குத் தொடர்ந்து வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்த அருமைநாயகமும், 1970களில் மோகன் பகான் ரசிகர்களின் செல்லப்பிள்ளையான உலகநாதனும் இந்த வழியில் போனவர்கள்.

இப்படித் தரமான ஆட்டக்காரர்கள் வெளியேறிக்கொண்டிருந்தும் மைசூர் அணி தேய்ந்துவிடவில்லை. 1952–53 சந்தோஷ் கோப்பை மறுபடி பெங்களூரில் நடந்தது. இறுதியில் மைசூர் வங்கத்தை 1–0 என்று வென்றது. அடுத்த ஆண்டு கல்கத்தாவில் வங்கம் பழிதீர்த்துக்கொண்டது. 1955–56இலும் 1962–63இலும் இதே இரண்டு அணிகள் இறுதியில் மோதின, இரண்டிலும் வங்கமே வென்றது. 

அதற்குள் பெங்களூரில் ஆட்டக்காரனுக்குச் சோறு போடும் புதிய இடங்கள் வந்துவிட்டன. 1940இல் தொடங்கிய விமானத் தொழிற்சாலை எச்ஏஎல், 1948இல் வந்த டெலிபோன் தொழிற்சாலை ஐடிஐ, பிறகு எச்எம்டி, பிஇஎல், பிஇஎம்எல் என்று பொதுத்துறை ஆலைகள் வரிசையாக எழுந்தன. ஐடிஐ அமைந்த தூரவாணி நகர் பழைய மெட்ராஸ் ரோட்டில்தான் இருக்கிறது, அல்சூரில் பஸ் ஏறினால் நேர் வழி. நன்றாகப் பந்து ஆடும் பையனுக்கு ஆலையில் வேலை, காலை ஷிஃப்ட் முடிந்தால் பயிற்சி, குடும்பத்துக்குக் குவார்ட்டர்ஸ், மருத்துவ வசதி. கல்கத்தா கிளப்பின் சம்பளத்தை விட இது நிரந்தரமானது. அம்மாக்களும் அப்பாக்களும் பந்து ஆடுவதைத் திட்டுவதை நிறுத்திய காலம் என்றே இதைச் சொல்லிவிடலாம். ராணுவத்திலும் இதே கதை. அல்சூர் ஏரிக்கரையில் சென்னை சாப்பர்ஸின் தலைமையகமான எம்இஜி சென்டரும், ராணுவ சப்ளைப் பிரிவின் ஏஎஸ்சி சென்டரும் உள்ளூர் லீகில் பலமான அணிகளை வைத்திருந்தன.

இந்த ஆலைக் காலத்தின் விளைச்சல் 1967–68இல் தெரிந்தது. கட்டாக்கில் நடந்த சந்தோஷ் கோப்பை இறுதியில் மைசூர் வங்கத்தை 1–0 என்று வென்றது. சொந்த ஊருக்கு வெளியே மைசூர் வென்ற முதல் சந்தோஷ் கோப்பை இது. அடுத்த ஆண்டுப் போட்டி பெங்களூருக்கு வந்தது. இறுதி ஆட்டம் 1946–47ஐப் போலவே கோல் இல்லாமல் முடிந்து மறு ஆட்டத்துக்குப் போனது. அதில் மைசூர் 1–0. நான்கு முறை சந்தோஷ் கோப்பை வென்று, நான்கு முறையும் இறுதியில் வங்கத்தையே வீழ்த்தியது என்பது மைசூரின் கணக்கு. வங்கம் அதிக முறை கோப்பை வென்றது உண்மை. அந்த வங்க அணிகள் நாடெங்கிலும் இருந்து ஆள் சேர்த்த கல்கத்தா கிளப்புகளின் பலத்தில் நின்றவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் மைசூரின் நான்கு வெற்றிகளுக்கு உரிய எடை கிடைக்கும். 1970–71இல் மைசூர் மறுபடி இறுதிக்கு வந்து ஜலந்தரில் பஞ்சாபிடம் மறு ஆட்டத்தில் தோற்றது. 1973 நவம்பரில் மாநிலத்தின் பெயர் கர்நாடகம் ஆனது, மைசூர் அணி என்ற பெயரும் அதோடு முடிந்தது.

கிளப் அளவில் இந்த ஆலைக் காலத்தின் கடைசிப் பெரிய வெற்றி 1977இல் கிடைத்தது. நாட்டின் சிறந்த கிளப்புகளை ஒரே போட்டியில் மோதவிடும் நோக்கத்தில் ஃபெடரேஷன் கோப்பை அந்த ஆண்டு எர்ணாகுளத்தில் தொடங்கியது. முதல் கோப்பையை யார் எடுப்பார்கள் என்ற கேள்விக்குக் கல்கத்தாவின் பெயரைத்தான் எல்லாரும் சொல்லியிருப்பார்கள். இறுதியில் ஐடிஐ மோகன் பகானை 1–0 என்று வென்றது. அந்த மோகன் பகான் எப்படிப்பட்ட அணி என்பதற்கு ஒரு செய்தி போதும். அதே 1977இல் அது ஷீல்ட், டூரண்ட், ரோவர்ஸ் மூன்றையும் வென்றது, செப்டம்பர் 24 அன்று ஈடன் கார்டன்ஸில் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு 2–2 என்று சமன் செய்தது. பெலேயின் அணியோடு சரிக்குச் சரி நின்ற கிளப்பைத் தொலைபேசி செய்யும் தொழிலாளர்களின் அணி தோற்கடித்திருந்தது.

பெலேயின் பெயர் ஜோகுபாளையத்துப் பக்கம் வேறொரு விதத்திலும் நிலைத்திருக்கிறது. அருகிலுள்ள கௌதமபுரத்தில் அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேக்கும் ஒரு சிலை உண்டு. உழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் இந்தப் பகுதியை ஊரார் மினி பிரேசில் என்கிறார்கள். உலகக் கோப்பை வந்தால் தெருவெல்லாம் மஞ்சள் பச்சைக் கொடி, சுவரில் ஆட்டக்காரர்களின் படம், இரவு முழுக்கப் பெரிய திரையில் ஆட்டம். 1950இல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக்கு இந்தியாவுக்கு இடம் கிடைத்தும் அணி போகவில்லை. அஹமத் கான் போன்றோரின் தலைமுறை ஆட வேண்டிய உலகக் கோப்பை அதுதான். கறுப்பினத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்து உலகை வென்ற ஒருவரைத் தங்களில் ஒருவராக இந்தத் தெருக்கள் ஏன் எடுத்துக்கொண்டன என்பது அந்தச் சிலை வரிசையைப் பார்த்தாலே விளங்கும். 2022 டிசம்பரில் பெலே இறந்தபோது அங்கே மாலை போட்டு அஞ்சலி செலுத்தினார்கள்.

1980களில் இருந்து சரிவு. 1983இன் கிரிக்கெட் உலகக் கோப்பைக்குப் பிறகு தொலைக்காட்சி கிரிக்கெட்டின் பக்கம் சாய்ந்தது. 1991க்குப் பிறகு பொதுத்துறை ஆலைகள் ஆளெடுப்பதைக் குறைத்தன, விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையும் அதோடு சுருங்கியது. கிரிக்கெட் மோகத்தைவிட இந்த இரண்டாவது காரணமே ஆழமாக வெட்டியது. பந்தாடினால் வேலை கிடைக்கும் என்ற கணக்கு உடைந்ததும் வீடுகள் பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பின. காலி மனைகளில் மாடி வீடுகள் வந்தன. இந்திராநகரின் நில விலை ஏற ஏற அதை ஒட்டிய பழைய குடியிருப்புகளின் மைதானங்கள் கைப்பந்துக் களம் அளவுக்குச் சுருங்கின. ரோவர்ஸ் கோப்பையும் 2000–01க்குப் பிறகு நின்றுபோயிற்று. எச்ஏஎல் அணி தேசிய லீகில் சில பருவங்கள் தாக்குப்பிடித்துக் கீழே இறங்கியது.

2013இல் தனியார் முதலீட்டில் உருவான பெங்களூரு எஃப்சி முதல் பருவத்திலேயே 2013–14 ஐ-லீகை வென்றது. பிறகு ஃபெடரேஷன் கோப்பையை இரண்டு முறை வென்று, 2016இல் ஏஎஃப்சி கோப்பை இறுதி வரை போய், 2018–19இல் ஐஎஸ்எல் பட்டமும் பெற்றது. நகரத்துக்குக் கோப்பைகள் திரும்பி வந்தன, ஆனால் இந்த அணி நாடெங்கிலும் வெளிநாட்டிலும் ஆள் எடுக்கும் தொழில்முறைக் கிளப். பழைய கல்கத்தா கிளப்புகளின் வழிமுறைக்குத்தான் இது நெருக்கமானது.

சந்தோஷ் கோப்பை கர்நாடகத்துக்குத் திரும்பி வர 54 ஆண்டு பிடித்தது. 2022–23 போட்டியின் கடைசிச் சுற்றுகள் சவூதி அரேபியாவின் ரியாத்தில் நடந்தன. பயிற்சியாளர் ரவி பாபு ராஜுவின் கீழ் ஆடிய கர்நாடகம் அரையிறுதியில் சர்வீசஸ் அணியை 3–1 என்று வென்றது. 2023 மார்ச் 4 அன்று கிங் ஃபகத் சர்வதேச ஸ்டேடியத்தில் இறுதி ஆட்டம். சுனில் குமார், பேக்கி ஓராம், ராபின் யாதவ் ஆகியோரின் கோல்களோடு கர்நாடகம் 3–2 என்று ஐந்தாவது கோப்பையை எடுத்தது. இறுதியில் வங்கம் அல்லாத வேறொரு அணியை வென்று இந்த மாநிலம் கோப்பை எடுத்தது இதுவே முதல் முறை. எதிரணி மேகாலயா.